சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?

காட்பாடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். தூரத்தையும் பயண நேரத்தையும் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குடியாத்தம் அம்மா: பொண்ணு சான் பிரான்சிஸ்கோவுல இருக்கா, தம்பி. பெங்களூர்ல இருந்து எவ்ளோ நேரம்?

ஏறக்குறைய 14,000 கி.மீ., அம்மா. பூமியின் சுற்றளவே 40,000 தான். எங்கும் இறங்காமல் பறந்தாலும் 16, 17 மணி நேரம் ஆகும். தனியாகப் போகிறீர்கள் என்றால், நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாறும் டிக்கெட்டே நல்லது என்பேன். காலை நீட்டி நடக்கலாம். மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஐந்தாறாயிரம் குறைகிறதே என்று ஒரு மணி நேர இடைவெளியில் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் தெரியாத ஊரில் தவிக்க வேண்டியிருக்கும். டிக்கெட் போடும்போதே வீல்சேருக்கும் சொல்லி வையுங்கள்.

வி.ஐ.டி. மாணவர்: மேப்ல ஜப்பான் வழியாப் போறதுதானே நேர்வழி, அண்ணா? வட துருவம் பக்கம் ஏன் போகணும்?

ஓர் உலக உருண்டையை எடுத்து, பெங்களூரில் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள் தம்பி. நூல் தானாகவே வடக்கே ஏறித் துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தட்டை மேப் வடக்கே போகப் போக நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டுவதால்தான் நமக்கு அது சுற்றுவழியாகத் தெரிகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலே பறந்துதான் பெங்களூர் வந்து இறங்கினார்கள். ஆனால் இங்கிருந்து போகும்போது பசிபிக் பக்கமாகவும் போவதுண்டு. தூரம் கூடினாலும் பின்னாலிருந்து காற்று தள்ளுவதால் நேரம் மிச்சம்.

ஆம்பூர், தோல் ஏற்றுமதி: பிராங்பர்ட் போக 10 மணி நேரம், வர 9 மணி நேரம். ஏன் சார்?

அதே காற்றுதான். சுமார் பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று. சென்னையிலிருந்து 7,600 கி.மீ. என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான். வான்வழி மூடினாலும் நேரம் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

ராணிப்பேட்டை: துபாய் 4 மணி நேரம்னு சொல்றாங்க. டிக்கெட்ல 10 மணிக்குக் கிளம்பி 12.30க்கு இறங்குதே?

இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய அதே 2,900 கி.மீ. தான், ஆனால் அது இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால் 10 மணிக்கு ஏறினால் அங்கே இறங்கும்போது மாலை 4.30.

சத்துவாச்சாரி: சென்னையா, பெங்களூரா?

கட்டணம் ஒன்றென்றால் சென்னை. சாலையில் 130 கி.மீ. சொச்சம். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் வையுங்கள். பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது. சித்தூர், கோலார், ஹொஸ்கோட்டே வழியாகப் போனால் ஊருக்குள் நுழைய வேண்டாம்.