ஆஸ்டியோகால்சினும் கே2 மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆஸ்டியோகால்சின் குறைவு என்று வந்தது. வைட்டமின் கே2 மாத்திரை போட்டால் அது சரியாகி, சர்க்கரையும் இறங்கும் என்கிறார்கள். போடலாமா?

சர்க்கரையை இறக்குவதற்காக என்றால் வேண்டாம் அம்மா. காரணம் அந்தப் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஆஸ்டியோகால்சின் மிகச் சின்னப் புரதம்; மனிதரில் 49 அமினோ அமிலங்கள்தான். எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அதைச் சுரக்கின்றன. அதில் 17, 21, 24 ஆகிய இடங்களில் இருக்கும் குளூட்டாமிக் அமிலங்களோடு கூடுதலாகக் கார்பாக்சில் தொகுதி என்ற சின்ன அணுக்கூட்டம் ஒன்று சேர வேண்டும். அதைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் கே தேவை. சேர்ந்தபின் அந்த இடங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், புரதம் எலும்பின் தாதுவோடு ஒட்டிக்கொள்ளும். பன்றியின் ஆஸ்டியோகால்சின் படிகத்தை 2003-ல் ஆராய்ந்தபோது, அது ஐந்து கால்சியம் அயனிகளைப் பிடித்திருந்ததும், அவை எலும்புத் தாதுவில் இருக்கும் வரிசையிலேயே அமைந்திருந்ததும் தெரிந்தது. எனக்கு இன்றும் வியப்பான விஷயம் இது.

சரி, இதில் சர்க்கரைப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2007-ல் எலும்பு ஆய்வாளர் ஜெரார்ட் கார்சென்டியின் குழு, இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு உடலில் கொழுப்பு கூடி, இன்சுலின் குறைந்ததைக் காட்டியது. ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் ஹார்மோன் என்று அவர்கள் சொன்னது, கார்பாக்சில் குறைந்த வடிவத்தை. கே2 கொடுத்தால் கார்பாக்சில் சேர்ந்த வடிவம்தான் கூடும், மற்றது குறையும். அதாவது, அந்த ஆய்வை நம்பினால் இந்த மாத்திரையைச் சர்க்கரைக்குப் பரிந்துரைக்கவே முடியாது! அப்புறம், 2020-ல் வேறு இரு குழுக்கள் இந்தப் புரதம் இல்லாமல் புதிதாக உருவாக்கிய எலிகளில் ரத்தச் சர்க்கரை மாறவே இல்லை. மனிதர்களுக்கு இதை வைத்து மருத்துவம் செய்யும் நிலை வரவில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆஸ்டியோகால்சின் பொதுவாகவே குறைவாக இருக்கும். எலும்பு புதுப்பிக்கப்படும் வேகம் மந்தமாவதை அது காட்டுகிறது. அதைப் பற்றியும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மறுபடி ரத்தம் கொடுப்பதானால் காலையில், வெறும் வயிற்றில், அதே ஆய்வகத்தில் கொடுங்கள். இதன் அளவு நேரத்துக்கு நேரம் மாறும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கே2-வைத் தொடவே வேண்டாம். அந்த மருந்துகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் பலன் தருகின்றன.