வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கவுண்ட்டிகளில் இறப்புப் பதிவைத் தேடுதல்

கேள்வி: என் தாத்தாவின் தம்பி 1969-இல் பொறியாளராகச் சிகாகோவுக்குச் சென்றார், திருமணம் செய்துகொள்ளவில்லை. 1978-இல் அவர் காலமானதாக ஊருக்குத் தந்தி வந்தது. அந்தத் தந்தியும் இப்போது எங்களிடம் இல்லை. அவர் எந்த நாளில், எங்கே, எதனால் இறந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருடைய தங்கை, எண்பத்தாறு வயதாகும் எங்கள் அத்தைப்பாட்டி, கேட்டுக்கொண்டே இருக்கிறார். அமெரிக்க மத்திய அரசின் அலுவலகம் ஒன்றுக்கு எழுதியபோது, தங்களிடம் அத்தகைய பதிவுகள் இல்லை என்று பதில் வந்தது. நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: தங்களுக்கு வந்த பதில் சரியானதே. அமெரிக்காவில் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வது மத்திய அரசின் பணி அன்று. அது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்துக்குள் கவுண்ட்டி என்ற நிருவாகப் பிரிவு இருக்கிறது. நம் மாவட்டத்தைப் போன்றது என்று கொள்ளலாம்; ஆனால் சில கவுண்ட்டிகளின் மக்கள்தொகை நம் சிற்றூர் ஒன்றின் மக்கள்தொகையைவிடக் குறைவு. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்ட்டிகள் உள்ளன. இல்லினாய்ஸ் மாநிலத்தில் மட்டும் 102. ஆகவே நாட்டைக் கேட்டுப் பயனில்லை. மாநிலத்தையும், அதற்குள் சரியான கவுண்ட்டியையும் கேட்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பதிவு இருப்பது இறந்தவர் வாழ்ந்த கவுண்ட்டியில் அன்று, உயிர் பிரிந்த கவுண்ட்டியில். சிகாகோ நகரம் ஏறத்தாழ முழுவதும் குக் கவுண்ட்டிக்குள் அடங்கும். ஆனால் ஊரில் உள்ளவர்களிடம் ‘சிகாகோவில் இருக்கிறேன்’ என்று சொன்னவர் உண்மையில் டூபேஜ் கவுண்ட்டியின் புறநகர் ஒன்றில் குடியிருந்திருக்கலாம். அல்லது நகரில் குடியிருந்து, பக்கத்துக் கவுண்ட்டியின் மருத்துவமனையில் இறந்திருக்கலாம். வீட்டில் பழைய வான்கடிதம் ஒன்றாவது இருந்தால் அதன் பின்புறம் எழுதியுள்ள முகவரியை முதலில் பாருங்கள்.

அடுத்து, விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் அட்டவணைகளைத் தேடுங்கள். இல்லினாய்ஸ் மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் கட்டணமின்றித் தரும் இறப்பு அட்டவணை 1916 முதல் 1950 வரைக்கானது. தங்களுக்கு அது உதவாது. 1978-இல் நிகழ்ந்த இறப்புக்குச் சமூகப் பாதுகாப்புத் துறையின், அதாவது உழைப்பவர்களின் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையின், இறப்பு அட்டவணையே நல்ல தொடக்கம்; அது சான்றிதழ் அன்று, தேடலுக்கான பெயர்ப்பட்டியல் மட்டுமே. பெரும்பாலும் 1962-க்குப் பிந்தைய இறப்புகள் அதில் உள்ளன. பிறந்த நாள், இறந்த மாதம் அல்லது நாள், கடைசியாக அறியப்பட்ட முகவரியின் அஞ்சல் குறியீடு ஆகியவை கிடைக்கும். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி இதைப் பார்க்கலாம். குக் கவுண்ட்டியின் இறப்புகளுக்கென ஒரு தனி அட்டவணையும் அங்கே இருக்கிறது.

தேடும்போது நம்மவர்களுக்கு வரும் பெரிய தடை பெயர்தான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கப் படிவம் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்களைக் கேட்கும். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. ஊரின் அல்லது தந்தையின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே உண்டு. சுப்பிரமணியன் மகன் இராமநாதன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஓர் அலுவலகத்தில் ‘இராமநாதன்’ என்ற குடும்பப்பெயரின் கீழும், இன்னோர் அலுவலகத்தில் ‘சுப்பிரமணியன்’ என்ற குடும்பப்பெயரின் கீழும் பதிவாகியிருப்பார். சாதிப் பின்னொட்டோ ஊர்ப்பெயரோ குடும்பப்பெயராகிவிட்டதும் உண்டு. ஆகவே தந்தையின் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றி இரண்டு முறை தேடுங்கள். பிறகு எழுத்துக்கூட்டலை மாற்றுங்கள். ‘த’ ஒலியை ஆங்கில ‘டி’ எழுத்தால் மட்டும் எழுதினார்களா, ‘எச்’ சேர்த்து எழுதினார்களா என்று பாருங்கள். பெயரின் முன்னுள்ள ‘இ’ விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலி ஒத்த பெயர்களைத் தேடித்தரும் சவுண்டெக்ஸ் முறை ஓரளவு துணைசெய்யும். ஆனால் அது முதலெழுத்தை மாற்றாது. ‘ஞானம்’ என்பதை ‘ஜி’ என்று தொடங்கியவரையும் ‘என்’ என்று தொடங்கியவரையும் அது ஒன்றாகக் காட்டாது. கிடைத்த வடிவங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலும் அவற்றை எழுத வேண்டும்.

இல்லினாய்ஸில் இறப்பு நிகழ்ந்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டால், குடும்ப வரலாற்று ஆய்வுக்கான நகலைக் கேட்கலாம். எனவே தாங்கள் நெருங்கிய வாரிசு அல்லர் என்பது தடையாகாது. குக் கவுண்ட்டி கிளார்க் அலுவலகத்துக்கு எழுதும்போது, பெயரின் எல்லா வடிவங்கள், 1978 என்ற ஆண்டு, இறந்தபோது இருந்திருக்கக்கூடிய வயது, பிறந்த நாடு, தங்களுக்கு அவர் என்ன உறவு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அடையாள ஆவணத்தின் நகலையும் கட்டணத்தையும் இணையுங்கள். இத்தகைய அலுவலகங்கள் பொதுவாகத் தேடுவதற்கே கட்டணம் வாங்குகின்றன. பதிவு கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. அதனால்தான் அட்டவணையை முதலில் பார்க்கச் சொன்னேன். இந்திய வங்கிக் காசோலை பெரும்பாலும் அங்கே செல்லாது என்பதால், அமெரிக்காவில் உள்ள உறவினர் ஒருவர் வழியாகக் கட்டணம் செலுத்துவது எளிது. மரணம் திடீரென்று அல்லது விபத்தால் நேர்ந்திருந்தால், குக் கவுண்ட்டியில் 1976 முதல் இயங்கும் மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்திலும் அவருடைய கோப்பு இருக்கக்கூடும்.

சான்றிதழ் வந்ததும் அதில் உள்ள அனைத்தையும் ஒரே நம்பிக்கையோடு படிக்காதீர்கள். இறந்த நாளையும் காரணத்தையும் மருத்துவர் எழுதியிருப்பார், அவை உறுதியானவை. பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியவற்றைச் சொன்னவர் ‘தகவல் தந்தவர்’ என்ற கட்டத்தில் இருப்பார். தனியாக வாழ்ந்தவருக்கு அவர் அறைத்தோழராகவோ உடன் வேலை செய்தவராகவோ இருக்கலாம். நண்பரின் தாயார் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? தாயின் மணத்துக்கு முந்தைய குடும்பப்பெயரைக் கேட்கும் கட்டம் நம்மவர் சான்றிதழ்களில் வெறுமையாகவோ பிழையாகவோ இருந்தால் வியப்படைய வேண்டாம். பிறந்த இடமும் ‘இந்தியா’ என்று மட்டுமே இருக்கக்கூடும். ஆனால் தகவல் தந்தவரின் பெயரும், இறுதிச் சடங்கை நடத்திய நிறுவனத்தின் பெயரும் தங்களுக்குக் கிடைக்கும். அந்த நிறுவனம் இன்னும் இயங்கினால் ஒரு கடிதம் எழுதுங்கள். அஸ்தி யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தங்கள் அத்தைப்பாட்டி அறிய விரும்புவார் என்று நினைக்கிறேன். அந்தச் செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இன்னும் ஒன்று. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்காக அவர் கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் அத்துறையிடம் கேட்டுப் பெறலாம். பெற்றோர் பெயர்கள் அதில் இருக்கும். பெரும்பாலும் அதை நிரப்பியவர் அவரேதான். பெற்றோரின் பெயர்களை மறைத்துவிடாமல் தருவதற்காக, அவர்கள் காலமானதற்கான சான்றையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: இவ்வாறு பெறும் நகலைக் கொண்டு இங்கே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியாது. ஆய்வுக்கான நகல் சான்றளிக்கப்படாதது. சட்டப்படி எதையும் நிறுவ அது பயன்படாது. கலிபோர்னியா மாநிலத்தில் யார் கேட்டாலும் தகவல் நகல் தருவார்கள். ஆனால் அடையாளத்தை நிறுவ அது செல்லாது என்று அந்நகலின் மீதே அச்சிட்டிருக்கும். தாசில்தார் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ வேண்டுமானால், உரிமையுள்ள வாரிசு ஒருவர் தம் உறவை நிறுவிச் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்று, அந்த மாநிலத்தின் செயலாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஓர் ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும்படி அதை உறுதிசெய்யும் முத்திரை, வாங்க வேண்டும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளது. இரண்டு நகல்களையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன். எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஜெர்மானிய வழிவந்த அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1881-இல் சின்சினாட்டியில் இறந்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள். ஓஹையோ மாநிலச் சுகாதாரத் துறையில் பதிவு இல்லை. எங்கள் குழந்தைகளுக்காக இரண்டு பக்கத்துக் குடும்ப வரலாற்றையும் எழுதி வருகிறேன். வேறு வழி உண்டா?
– வாசகி, கொலம்பஸ், ஓஹையோ

பதில்: உண்டு. ஓஹையோவில் மாநில அளவிலான பதிவு 1908 டிசம்பர் 20-இல்தான் தொடங்கியது. அதற்கு முன், 1867 முதல், உயில் வழக்குகளைக் கவனிக்கும் கவுண்ட்டி புரோபேட் நீதிமன்றமே இறப்புகளைப் பேரேட்டில் எழுதிவந்தது. சின்சினாட்டி அமைந்துள்ள ஹாமில்டன் கவுண்ட்டியில் ஒரு கூடுதல் இடர் உண்டு: 1884 மார்ச் மாதக் கலவரத்தில் நீதிமன்றக் கட்டடமே எரிந்து, ஆவணங்கள் பல அழிந்தன. ஆனால் நகரச் சுகாதாரத் துறை தனியாக வைத்திருந்த பதிவுகள் தப்பின. 1865 முதல் 1912 வரையிலான அந்தப் பிறப்பு இறப்பு அட்டைகள் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் உள்ளன. அவற்றை இணையத்திலும் தேடலாம். ஹைன்ரிக் என்ற பெயர் ஹென்றி என்று மாறியிருக்கலாம் என்பதால் இரு வடிவங்களிலும் தேடுங்கள்.

அங்கும் கிடைக்கவில்லை என்றால், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கண்டறிந்து அதன் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். அந்நகரின் ஜெர்மானியத் தேவாலயங்கள் பல தங்கள் பதிவுகளை ஜெர்மன் மொழியிலேயே எழுதின. பிறந்த கிராமத்தின் பெயர் அரசுப் பதிவில் இல்லாமல் அங்கே இருப்பது உண்டு. பதிவு கிடைத்தால், கிராமத்தின் பெயரை அதில் எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே, திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள்.