காட்டுக்குள் கரடி எதிரே வந்தால் செத்தது போல் படுத்துக்கொண்டால் தப்பிக்கலாமா?

தம்பி கோயமுத்தூர்ல ஐடி வேலையில இருப்பீங்க, சனி ஞாயிறுக்கு மலையேறக் கிளம்பியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். சின்னப்புள்ளையில படிச்ச அந்த ரெண்டு நண்பர்கள் கதைதான் இந்தக் கேள்விக்கு மூலம். கதையில கரடி காதுல ரகசியம் சொல்லிட்டுப் போகும். நம்ம பக்கத்துத் தேன்கரடி மூஞ்சியத்தான் பிறாண்டும்.

எனக்கு அம்மா ஊரு அந்தியூர் பக்கம், பர்கூர் மலையடிவாரம். 2014 கார்த்திகை. மாமா தோட்டத்து மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும், மும்முனை கரன்ட் விடுறது ராத்திரி ரெண்டு மணிக்கு. கிணத்துக்குப் போற இட்டேரி அரை கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். மாமாவுக்கு ஒரு பழக்கம், தடியால தரையைத் தட்டிக்கிட்டே, இல்லாத ஆளோட சண்டை போட்டுக்கிட்டே நடப்பாரு. எனக்கு அது மானக்கேடா இருக்கும். அன்னைக்கு அவரு பீடி பத்தவைக்க நின்ன நேரத்துல, நான் காதுல பாட்டை மாட்டிக்கிட்டு முன்னால போயிட்டேன்.

பாட்டு முடிஞ்ச இடைவெளியிலதான் கேட்டுச்சு. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ‘புஸ், புஸ்’னு. புத்துக்குள்ள வாயை விட்டுக் கரையானை உறிஞ்சுது. மேல்வரிசையில முன்பல்லு ரெண்டு அதுக்குக் கிடையாது, அந்தச் சந்துலதான் உறிஞ்சும். அந்தச் சத்தத்துல அதுக்கும் நான் வர்றது கேக்கல. பொதுவாவே கண்ணும் காதும் மந்தம், மூக்குதான் கூர்மை. பத்தடியில டார்ச் பட்டதும் ரெண்டு கால்ல எந்திரிச்சு நின்னுச்சு. நெஞ்சுல வெள்ளைக் கீத்து, நகம் ஒவ்வொண்ணும் என் விரல் நீளம்.

நான் ஓடினேன். ஓடக்கூடாதுங்க, எனக்கும் தெரியும். வாய்க்கால்ல கால் இடறிக் குப்புற விழுந்தேன். முதுகுல ஒரே ஒரு இழுப்பு. அதுக்குள்ள மாமா பைப்புல தடியால அடிச்சுக்கிட்டே, இங்க எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்லிட்டு ஓடி வந்தாரு. புதருக்குள்ள போயிருச்சு. போர்வையில நாலு கிழிசல், தோள்பட்டையில ஏழு தையல், அப்புறம் வெறிநாய்க்கடிக்குப் போடுற அதே ஊசி. மல்லாக்க விழுந்திருந்தா கண்ணு போயிருக்கும்னு தையல் போட்ட டாக்டரே சொன்னாரு.

ஆக பதில் இதுதான்: தூரத்துல பார்த்தவுடனே படுக்காதீங்க, பின்பக்கமா மெதுவா நகருங்க. மேல விழுந்து பிடிச்சிருச்சுன்னா மட்டும் குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் பிடரியில கோத்துக்கங்க. மரம் ஏறலாம்னு நினைக்காதீங்க, அது உங்களை விட நல்லா ஏறும். முதுகுல குட்டி இருந்தா இன்னும் மோசம். இதையெல்லாம் விட முக்கியம், நாலு பேரா சத்தமா பேசிக்கிட்டு, வெளிச்சத்துல போங்க. வனத்துறை அனுமதி இல்லாம போகவே போகாதீங்க.

நான் நிபுணன் இல்லீங்க, தெரியும். ‘கரடி பாவம், நீங்கதான் அதோட இடத்துக்குப் போனீங்க’ன்னு யாராவது வருவீங்க. கரடி மேல எனக்குக் கோபமே இல்ல. கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்க வருதே, அதுகூட எனக்குச் சிரிப்புதான். என் கோபமெல்லாம் அந்த ரெண்டு மணி கரன்ட் மேல. இருட்டுல போகாதேன்னு சொல்ற ஊர்தான் விவசாயியை இருட்டுல கிணத்துக்கு அனுப்புது. பாம்பு கடிச்சா, பன்னி முட்டினா, ‘ராத்திரியில உனக்கு அங்க என்ன வேலை?’னு கேப்பாங்க. பகல்ல விட்டா நாங்க ஏனுங்க போறோம்?

அன்னைக்கு என் தோளைத் துண்டால இறுக்கிக் கட்டி, அத்தைகிட்ட உக்கார வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்கு வேன் வர இன்னும் நேரம் இருக்குதான்னு மாமா கேட்டாரு. இருக்குதுன்னாங்க அத்தை. “அப்ப மோட்டாரப் போட்டுட்டு வந்தர்றேன் மாப்ளே, கரன்ட் போயிரும்”னு தடியைத் தட்டிக்கிட்டே இட்டேரில இறங்கிட்டாரு.