பாதை, பாலம், இரவுக் கடல்: திருகோணமலையில் என் சிறுவயது

போர் முடிந்த காலத்துத் துறைமுக நகரொன்றில் வளர்ந்தவர்களுக்கு எத்தகைய நினைவுகள் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் வளர்ந்தவன். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது எனக்கு ஏழு வயது. ஆகவே என் நினைவில் போரைவிட, அது வீட்டுக்குள் விட்டுப்போன பழக்கங்களே அதிகம்.

அம்மம்மா சந்தைக்குப் புறப்படும்போது முதலில் தேடுவது பணத்தை அன்று, அடையாள அட்டையை. அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்ட பின்னரும், முன்பு சாவடி இருந்த திருப்பம் வந்ததும் அவருடைய கை தானாகவே இடுப்புக்குப் போகும். கோணேசர் கோயில் பிரட்றிக் கோட்டைக்குள் இருப்பதாலும், அந்தக் கோட்டைக்குள்ளேயே இராணுவ முகாமும் இருப்பதாலும், சாமி கும்பிடப் போகும்போதும் அட்டை கூடவே வரும். எனக்கோ அங்கே திரியும் புள்ளிமான்கள் மீதுதான் கண். அவை நகருக்குள்ளும் வந்து வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும். மான் காட்டு விலங்கு என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது நான் நம்பவில்லை.

பாலம் வருவதற்கு முன்பு, மறுகரையில் இருக்கும் கிண்ணியாவுக்குப் போவதென்றால் 'பாதை' ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. பெரியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் வருத்தம், ஏனென்றால் பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் அப்பா ஐஸ்பழம் வாங்கித் தருவார், பேருந்தோ இப்போது நிற்காமலே மறுகரைக்குப் போய்விட்டது.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்களுடையது என்று ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு பக்கம் கடற்படைத் தளம் இருந்ததால், உவர்மலையில் நின்று, சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலைப் பார்த்ததோடு சரி.

எங்களுக்குக் கிடைத்த கடல் நகரின் மறுபக்கத்தில் இருந்தது. போர்க்காலத்தில் இரவு மீன்பிடிக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அவை தளர்ந்த பின்னர் ஒருநாள், இருட்டியும் வீடு திரும்பாமல் குடும்பமாகக் கரையில் இருந்தோம். வெகுதூரத்தில் வள்ளங்களின் விளக்குகள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ஆரிட்டக் கேட்டுப் போனவங்கள்?"