நீல் தீவில் ஒரு முழு நாள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் நான்கு பேர். திருச்சியில் ஒரே கல்லூரி, விடுதியில் ஒரே அறை. படித்து முடித்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. வரும் ஜனவரியில், வீட்டுக்காரர், பிள்ளைகள் யாரும் இல்லாமல் நாங்கள் மட்டும் முதல் தடவையாக அந்தமான் போகிறோம். ஐந்து நாள் பயணம். ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி தினமும் காலை ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும். நீல் தீவுக்கு அரை நாள்தான். எங்களில் ஒருத்தி, "அங்கே ஒரு முழு நாள் ஒன்றுமே வைக்காமல் விடலாம்" என்கிறாள். இன்னொருத்தி, "இவ்வளவு செலவு பண்ணிப் போய் சும்மா உட்காரவா?" என்கிறாள். ஏற்பாடெல்லாம் என் தலையில். நீங்கள் நீல் தீவுக்கு இரண்டு தடவை போனதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் யோசனை என்ன?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முழு நாளும் விடுங்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். சும்மா உட்காரவா என்று கேட்கும் தோழியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

முதல் தடவை நான் போனதும் உங்களுடையதைப் போன்ற திட்டத்தில்தான். காலையில் படகிலிருந்து இறங்கினோம், வண்டியில் ஏற்றினார்கள். பரத்பூர் கடற்கரையில் முக்கால் மணி நேரம், லட்சுமண்பூரில் அரை மணி நேரம். அங்கே இயற்கையே குடைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. தீவில் குடியேறிய வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்பார்கள். கடல் வற்றினால்தான் பாறைகள் மேல் நடந்து அதன் அடிவரைக்கும் போக முடியும். எங்களைக் கொண்டுபோய் விட்டது கடல் ஏறியிருந்த நேரத்தில். தூரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கூட வந்த என் சித்தி, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வராத குறை. திட்டம் போட்டவர் கடலைக் கேட்காமலே போட்டிருந்தார்.

இரண்டாம் தடவை தோழிகள் ஐந்து பேராகப் போனோம். அப்போது கடலைக் கேட்டுக்கொண்டுதான் போனோம். கணக்கு எளிது. ஏறின கடல் வற்ற ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம், மறுபடி ஏற அதே அளவு. ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக ஏறும், நன்றாக வற்றும். பாலத்தைப் பார்க்க அந்த நாட்கள்தான் நல்லது. நாங்கள் பௌர்ணமியன்று அங்கே இருந்தோம். விடுதிக்காரர் தாளில் எழுதிக் கொடுத்தார்: காலை ஒன்பதரைக்கு ஏற்றம், மாலை மூன்றரைக்கு வற்றம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த திட்டம் அந்த ஒரு தாள்தான்.

சூரியனின் நேரமும் அங்கே நமக்குப் பழகியது மாதிரி இருக்காது. அந்தமான் சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. ஜனவரியில்கூட ஐந்தே கால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர் வழக்கத்தில் எட்டு மணிக்கு மேல் எழுந்து ஆற அமரக் கிளம்பினால் பாதி நாள் போயிருக்கும். ஓய்வாக இருக்கத்தான் போகிறோம், ஆனாலும் இருட்டோடு எழுந்துவிடுங்கள். தூக்கத்தை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விடிவதற்குள் சீதாபூர் போய்விட்டோம். தீவின் கிழக்குக் கரை அது. அங்கே எல்லாம் ராமாயணப் பெயர்கள்தான்: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை 1960களில் இங்கே குடியேற்றினார்கள். அவர்கள் காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். இன்றைக்கும் அந்தமானின் மற்றத் தீவுகளுக்கு இங்கிருந்து நிறையக் காய்கறி போகிறது. தீவுக்கு 2018இல் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அந்தமானுக்கு வைத்த பெயர் அது. ஆனால் படகுத்துறையில் எல்லோர் வாயிலும் நீல்தான்.

சூரியன் வந்த பிறகு சைக்கிளில் திரும்பினோம். வழியெல்லாம் வாழையும் பாக்கும் காய்கறித் தோட்டங்களும். கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்தது. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர், அங்கே கற்றுக்கொண்டதாம். யாரும் மணி பார்க்கவில்லை. என்ன சமையல், எத்தனை மணிக்கு வருவாய் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும், நம் வயதுப் பெண்களுக்கு அது எத்தனை வருடம் கழித்துக் கிடைக்கும் காலை என்று.

பிறகு பரத்பூர். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆழமில்லாத, அலை அடங்கிய கடல். கடல் ஏறியிருக்கும்போது இறங்குவது நல்லது. வற்றினால் பவளப்பாறைக்கு மேல் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும், கால் படாமல் நடக்க முடியாது. மிதித்தால் பவளம் செத்துப்போகும். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. மிஞ்சியதையாவது நாம் மிதிக்காமல் இருக்க வேண்டும்.

எங்களில் ஒருத்தி வங்கியில் வேலை பார்ப்பவள். கரையிலேயே உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எந்த ஊருக்குப் போனாலும் அவள் அப்படித்தான். நேரம் கிடந்ததால் யாரும் வற்புறுத்தவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவளே சுடிதாரோடு மெல்ல இறங்கி வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மல்லாந்து படுத்து மிதக்க ஆரம்பித்துவிட்டாள்! எங்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. முப்பது வருடப் பழக்கம், அவளுக்கு நீச்சல் தெரியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் சொன்னாள். ஊரில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டு அப்பா பழக்கியது. வயதுக்கு வந்ததும் அம்மா நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. இப்போது கிணறும் தூர்ந்துவிட்டது, அப்பாவும் இல்லை. கண்ணை மூடி மிதந்துகொண்டே, காதில் தண்ணீர் அடைத்திருந்ததால் கொஞ்சம் சத்தமாக, இதையெல்லாம் சொன்னாள். நாங்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் தடவை எங்களுக்குக் கிடைத்த நேரம் அதே கரையில் முக்கால் மணி. அவள் எழுந்து வரவே அவ்வளவு நேரம் ஆனது. இந்தத் தடவையும் வண்டிக்காரர் ஹாரன் அடித்திருந்தால் எங்களுக்கு அந்தக் கிணறு தெரியாமலே போயிருக்கும்.

மத்தியானம் சோறு, மசூர் பருப்பு, கடுகெண்ணெயில் பொரித்த மீன், பொரித்த கத்தரிக்காய். பிறகு மர நிழலில் பாய் விரித்துத் தூங்கினோம். மூன்று மணிக்கு எழுந்து பாலத்துக்குப் போனோம். கடல் நன்றாக உள்ளே போயிருந்தது. பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை, சின்னச் சின்ன மீன்கள், கடல் முள்ளெலிகள். பாறை வழுக்கும். பிடிப்பான செருப்பு இல்லாமல் போகாதீர்கள். யாருக்காவது முழங்கால் வலி இருந்தால் அவரைப் பாறையில் ஏற்ற வேண்டாம். பரத்பூரில் அடியில் கண்ணாடி பதித்த படகு ஓடும், உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காலிச் சங்கும் அங்கே, அதற்குள் குடியேறும் துறவி நண்டுக்கு வீடு.

அங்கிருந்தே லட்சுமண்பூரில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நடந்தோம். மரங்களுக்குப் பின்னாலிருந்து முழு நிலா வந்தது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. கூட்டமாகப் போய் அப்படிப் பேசாமல் நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

சரி, ஐந்து நாளில் எதைக் குறைப்பது? ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரை போதும். எலிஃபன்ட் பீச்சையும் அங்கே நடக்கும் தண்ணீர் விளையாட்டுகளையும் விட்டுவிடுங்கள். செல்லுலார் சிறைக்கான நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவசரமாகப் பார்த்து வருகிற இடம் இல்லை அது. கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). காற்று மாறினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. தேதியை உறுதி செய்வதற்கு முன் நாட்காட்டியில் பௌர்ணமியோ அமாவாசையோ என்றைக்கு என்று பாருங்கள். நீல் தீவு நாள் அதை ஒட்டி வரட்டும். மற்றதை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள்.

நான்கு பேரையும் ஆளுக்கு ஒரு சுடிதார் அதிகமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறவளுக்கு இரண்டு.

அன்புடன்,
அக்கா