பத்து அனாம் மண்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வணக்கம். தோட்டங்களுக்கு மண் ஆய்வு செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது மலேசியாவில் ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்துப் பத்து அனாமில் குடியிருக்கிறேன். மண்ணைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் வந்த கேள்விகளில் முக்கால்வாசி நம் ஊர் ஷேல் பாறை மண்ணைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் போட்டிருக்கிறேன்.

ஐயா, என் நிலத்து அறிக்கையில் "சில்ட் லோம், பிஎச் 4.3, ஷேல் மூலம்" என்று இருக்கிறது. இது நல்ல மண்ணா, கெட்ட மண்ணா?

அதில் மூன்று தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன, தம்பி. ஒன்று மண் துகள்களின் அளவு, இன்னொன்று அமிலத்தன்மை (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்), மூன்றாவது மண் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பது. நல்லதா கெட்டதா என்று சொல்ல இந்த மூன்றும் போதாது.

சில்ட் என்பது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள். அமெரிக்க அளவுகோலில் 0.002 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. பாதிக்கு மேல் சில்ட்டும் 12 முதல் 27 விழுக்காடு களியும் இருந்தால் அது சில்ட் லோம். கொஞ்சம் மண்ணை எடுத்துக் காய வைத்து, விரலில் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் போல வழுக்கும், மணலின் நறநறப்பு இருக்காது. பிறகு அதை நனைத்துக் கட்டை விரலால் நாடா மாதிரித் தள்ளுங்கள். களிமண் என்றால் நாடா நீளமாக வரும். சில்ட் லோம் ஓர் அங்குலம் வருவதற்குள் பிய்ந்து விழும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உயரமான கண்ணாடிப் புட்டியில் மண், தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் முதல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும். 10 சென்டிமீட்டர் தண்ணீரில் சில்ட் முழுக்கப் படிய ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகும் கலங்கலாக நிற்பது களி.

ஒரு எச்சரிக்கை. நம் வட்டாரத்து ஷேல் மண்ணில் பெரும்பாலும் மேல்மண்தான் சில்ட் லோம். ஓர் அடி, ஒன்றரை அடி இறங்கினால் சில்ட் கலந்த களி வந்துவிடும். மேல்மண்ணை மட்டும் பார்த்து மரம் நடுபவர்கள்தான் பிறகு என்னைத் தேடி வருகிறார்கள்.

நம் மண் ஏன் இவ்வளவு புளிச்சுப் போயிருக்கு? உரம் போட்டுப் போட்டுக் கெட்டதா?

உரத்துக்குப் பங்கு உண்டு. மரத்தைச் சுற்றி அம்மோனியம் சல்பேட் ஆண்டுக்கணக்கில் போட்ட வட்டத்தில் பிஎச் இன்னும் இறங்கியிருக்கும். ஆனால் உரமே காணாத காட்டு மண்ணும் இங்கே 4.5 பக்கம்தான் நிற்கிறது.

ஷேல் என்பது சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. சாலை வெட்டிய மேடுகளில் பார்த்திருப்பீர்கள், கையால் கிள்ளினாலே தகடு தகடாக உதிரும். நம் ஊர் ஷேலில் சுண்ணாம்பு மிகக் குறைவு. மழை தண்ணீராக மண்ணுக்குள் இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகிறது. காலி இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்கார்ந்துகொள்கின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் வேலை இது.

செடிக்கு உண்மையான தொல்லை கொடுப்பது அந்த அலுமினியம். பிஎச் 5-க்குக் கீழே போனால் அது கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் கட்டையாகி, தடித்து, கிளை விடாமல் நின்றுவிடும். 5.5 தாண்டினால் அலுமினியம் கரையாமல் படிந்துவிடுகிறது. பிஎச் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 5.3-க்கும் 4.3-க்கும் உள்ள தூரம் பெரிது.

ஆறு ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். கடைக்காரர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார். போடலாமா?

வேண்டாம். செம்பனையும் (எண்ணெய்ப் பனை) பால்மரமும் (ரப்பர்) அமில மண்ணைத் தாங்கும் மரங்கள், பிஎச் 4.3-இல் நன்றாகவே காய்க்கும். மணிச்சத்துக்காகப் போடும் பாறை பாஸ்பேட் கரைவதற்கே மண்ணில் அமிலம் வேண்டும். சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் பாறை பாஸ்பேட் போட்டால் இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு ஒன்றைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

அந்தப் பணத்தைப் பொட்டாசியத்துக்கும், கீழ் ஓலை மஞ்சளடித்தால் மக்னீசிய உரமான கீசரைட்டுக்கும் ஒதுக்குங்கள். வெட்டிய ஓலையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள். ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெற்றுக்குலை கிடைத்தால் விடாதீர்கள். சில்ட் மண் மழை அடியில் மேலே பொருக்குத் தட்டும், பொருக்குத் தட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். எல்லா மண்ணிலும் சுலபமாக அரிபடுவது சில்ட் மிகுந்த மண்தான். மறுநடவு செய்கிறீர்கள் என்றால் முக்குனா அல்லது பியுராரியா மூடுபயிர் இல்லாமல் தரையை வெறுமையாக விடாதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் மிளகாய், கத்திரி, வெண்டை வைக்கிறேன். ஒன்றும் உருப்படவில்லை. எவ்வளவு சுண்ணாம்பு போடணும் ஐயா?

இங்கே சுண்ணாம்பு வேண்டும் அம்மா. ஜி.எம்.எல் என்று கேட்டு வாங்குங்கள், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம் என்பது எக்டருக்கு 4 டன் கணக்கு. பத்தடிக்குப் பத்தடிப் பாத்தி என்றால் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தூவியதோடு நிறுத்தாமல் ஆறு அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திக் கலக்குங்கள், சுண்ணாம்பு மண்ணில் தானாக இறங்காது. மூன்று நான்கு வாரம் விட்டு நடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

கறிவேப்பிலை மட்டும் மஞ்சளாக நிற்கிறது என்று நீங்கள் தனியாகக் கேட்டதற்கு, அதன் வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் போடலாமா?

விறகுச் சாம்பல் போடலாம், அமிலத்தைக் குறைக்கும், பொட்டாசியமும் கொடுக்கும். கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு, வேரைச் சுட்டுவிடும். அது வெற்றிலைக்கே இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் ஐயா. எங்கள் பயிற்சி நிலத்து மண்ணை ஒருவர் அல்டிசால் என்கிறார், இன்னொருவர் ஆக்சிசால் என்கிறார். இரண்டும் ஷேல் மண். எப்படி முடிவு செய்வது?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், பாறையின் பெயரை வைத்து மண்ணை வகைப்படுத்த முடியாது. ஷேலிலிருந்தே முஞ்சோங் தொடர் வருகிறது (தொடர் என்பது ஒரே மாதிரி அடுக்குகள் உள்ள மண்ணுக்கு வைக்கும் பெயர்): ஆழமானது, நன்றாக வடிவது, ஆக்சிசால். அதே ஷேலிலிருந்து டுரியான் தொடரும், நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட பத்து அனாம் தொடரும் வருகின்றன. செம்பாறாங்கல் பரல் நிறைந்த மலாக்கா தொடருக்கும் பெரும்பாலும் ஷேல்தான் தாய்ப்பாறை. நிலம் மேடா பள்ளமா, தண்ணீர் எப்படி வடிந்தது, மண் எவ்வளவு காலம் சிதைந்தது என்பவைதான் இவற்றைப் பிரித்தன.

அமெரிக்க மண் வகைப்பாட்டில் 12 பெரும்பிரிவுகள். உங்களுக்குத் தேவையானவை மூன்று: அல்டிசால், ஆக்சிசால், இன்செப்டிசால். குழி தோண்டி, மேலிருந்து கீழே களியின் அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கீழே களி தெளிவாகக் கூடினால், அதாவது மேலே 20 விழுக்காடு இருந்தது கீழே 24-க்கு மேல் போனால், களி சேர்ந்த அடுக்கு இருக்க வாய்ப்பு உண்டு. மண் கட்டியை உடைத்து லென்ஸில் பாருங்கள். உடைந்த முகத்தில் மெழுகு பூசியதுபோல மெல்லிய பளபளப்பு இருந்தால் அது மேலிருந்து இறங்கி வந்த களியின் பூச்சு. ஆழத்தில் கார உப்புகளின் நிறைவு, அதாவது மண் சத்தைப் பிடித்து வைக்கும் இடங்களில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை நிரம்பிய பங்கு, 35 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அல்டிசால். நம் நாட்டு ஷேல் மண்ணில் அந்த எண் பெரும்பாலும் அதைவிட வெகு கீழே இருக்கும்.

களி கூடவில்லை, கால்சியம் போன்ற சத்து அயனிகளைக் களி பிடிக்கும் திறன் ஒரு கிலோ களிக்கு 16 சென்டிமோலுக்கு மேல் போகவில்லை, சிதையக்கூடிய தாதுக்களும் தீர்ந்துபோய்விட்டன என்றால் ஆக்சிசால். களியும் கூடவில்லை, ஆனால் திறன் அதிகம், பாறைத் தகடுகள் இன்னும் கிடக்கின்றன என்றால் அது இளம் மண், இன்செப்டிசால். சில்ட் மிகுதியாக இருப்பதே மண் இன்னும் முழுக்கச் சிதையவில்லை என்பதற்கு ஓர் அடையாளம்.

உங்கள் இருவருக்கும் சண்டை வந்த இடம் எனக்குப் புரிகிறது. களி கூடவும் செய்கிறது, திறனும் குறைவு என்றால் மேல் 18 சென்டிமீட்டரைப் பாருங்கள். அங்கே களி 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, சிதையக்கூடிய தாதுவும் தீர்ந்திருந்தால் ஆக்சிசால், இல்லையென்றால் அல்டிசால். உங்கள் மேல்மண் சில்ட் லோம் என்றால் களி 27-ஐத் தாண்டாது. ஆகவே களி சேர்ந்த அடுக்கு உறுதியானால் அல்டிசால் என்றவருக்குத்தான் வெற்றி.

"டிப்பிக் பேலியுடல்ட்" மாதிரிப் பெயர்களைக் கடைசியிலிருந்து படியுங்கள். "அல்ட்" அல்டிசால், "உட்" ஆண்டு முழுக்க ஈரம், "பேலி" ஆழமாக முதிர்ந்தது, "டிப்பிக்" அந்தக் குழுவின் இயல்பான உறுப்பினர். மலேசியாவுக்கென்று தனி வகைப்பாடும் இருக்கிறது. அதை உருவாக்கியதில் எஸ். பரமானந்தனுக்குப் பெரும் பங்கு உண்டு, அதையும் தேடிப் படியுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் படிக்கிறாள். அங்கேயும் ஷேல் மேல் சில்ட் லோம் அமில மண்ணாம். அப்படியென்றால் அது நம் மண்தானே?

உறவு உண்டு, ஆனால் தூரத்து உறவு. அங்கே பெர்க்ஸ் என்ற தொடர் ஷேல் சில்லுகள் நிறைந்த சில்ட் லோம், 50 முதல் 100 சென்டிமீட்டருக்குள் பாறை வந்துவிடும். வைகெர்ட் அதைவிட ஆழம் குறைந்தது. இரண்டும் இன்செப்டிசால். கில்பின் என்று இன்னொன்று, அதில் களி சேர்ந்த அடுக்கு உண்டு, அல்டிசால். எல்லாமே இயல்பில் அமிலம்தான்.

அங்கே குளிர், பாறை மெதுவாகச் சிதைகிறது, ஆகவே மண் ஆழமில்லை. நம் பக்கம் மண்ணின் சராசரி வெப்பம் ஆண்டு முழுக்க 22 டிகிரிக்கு மேல், மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றமும் இல்லை. நல்ல பாறையைத் தொட இங்கே பல மீட்டர் தோண்ட வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்குப் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் பிரச்சினை, நமக்கு இறுகிய அடிமண் பிரச்சினை.

சிகாமட் பக்கத்துச் செம்மண்ணில் எல்லாம் செழிப்பாக வருகிறது. அதுவும் அமிலம் என்கிறார்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

சிகாமட் தொடர் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. அமிலம்தான், சத்தும் அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் இரும்பு ஆக்சைடு மண்ணைச் சிறு சிறு உருண்டைகளாகக் கட்டி வைத்திருக்கிறது. தண்ணீர் வடிகிறது, வேர் ஆழமாக இறங்குகிறது. பத்து அனாம் மண் அடியில் வெளிறி, மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், கைக்கு இறுக்கமாக இருக்கும். மழையில் தண்ணீர் நிற்கும், வெயிலில் வேர் மேலேயே சிக்கித் தாகத்தில் வாடும். அதனால்தான் பிஎச் எண்ணை மட்டும் பார்த்து நிலம் வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். குழியைப் பாருங்கள்.

அந்தச் செம்மண்ணிலும் ஒரு குறை உண்டு. மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

டுரியான் மரம் வைக்கலாம் என்றிருக்கிறேன். குழி எடுத்தால் அடியில் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுகள் தெரிகின்றன.

அந்த வெளிர்நிறம், வருஷத்தில் சில காலம் அங்கே தண்ணீர் நிற்கிறது என்பதற்குச் சாட்சி. காற்றில்லாத ஈரத்தில் இரும்பு கரைந்து வெளியேறிய இடம் வெளுக்கும், போய்ச் சேர்ந்த இடம் சிவக்கும். அந்தத் திட்டு ஒன்றரை அடியிலேயே தெரிந்தால் டுரியான் வைக்காதீர்கள். வேரையும் தண்டையும் அழுகவைக்கும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி அப்படிப்பட்ட ஈரத்தில்தான் குடியேறும். மூன்று நாலு அடிக்குக் கீழே தெரிந்தால் மேடு கட்டி நடலாம், வாய்க்கால் வெட்டியே ஆகவேண்டும். ஆழக்குழி வெட்டி உள்ளே எருவை நிரப்பினால் இறுகிய மண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டிய கதைதான்.

நம் மண்ணும் கேரித் தீவு மண் மாதிரி அமில சல்பேட் மண்ணா?

இல்லை. அது கடலோரச் சேற்றில் இருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறுவது, பிஎச் 3.5-க்கும் கீழே போகும். நம்முடையது மழை கழுவியதால் வந்த அமிலம்.

ஒரே மண்ணை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒன்று 4.7, இன்னொன்று 3.9. யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். ஒருவர் தண்ணீரில் கலந்து அளந்திருப்பார், மற்றவர் பொட்டாசியம் குளோரைடு கரைசலில். பின்னதில் அரைப்புள்ளியிலிருந்து ஒரு புள்ளி வரை குறைவாகவே வரும். அறிக்கையின் மூலையில் முறை எழுதியிருக்கும், பாருங்கள்.

அடுத்த முறை அனுப்பும்போது செம்பனையில் உரம் போடும் வட்டத்து மண்ணையும் வரிசைகளுக்கு நடுவே உள்ள மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு. மேல் ஆறு அங்குலம் ஒரு பை, அடுத்த ஆறு அங்குலம் இன்னொரு பை. உரம் போட்டுச் சில வாரங்களுக்குள் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். அலுமினியத்தின் நிறைவு விழுக்காட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மிளகாய்ப் பாத்திக்குச் சுண்ணாம்புக் கணக்குப் போட எனக்கு அந்த எண்தான் வேண்டும்.