கேளுங்க சொல்றோம்: ரத்தக்கழிச்சலும் கோழியோட ஜீனும்

கேள்வி: ஒரே ஷெட், ஒரே தீவனம், ஒரே வயசு. ரத்தக்கழிச்சல் வந்தப்ப சில கோழி செத்துப்போச்சு, சிலது ரெண்டு நாள் உம்முனு நின்னுட்டு தேறிடுச்சு. இது ஜீன் சமாச்சாரமா?

பதில்: பாதி ஜீன், பாதி எத்தனை முட்டை உள்ள போச்சுங்கிறது. இந்த நோய்க்கு காரணம் ஐமீரியான்னு ஒரே செல்லால ஆன ஒட்டுண்ணி, அதோட முட்டையை (ஊசிஸ்ட்னு சொல்வாங்க) கூளத்துல இருந்து கொஞ்சமா கொத்துன கோழிக்கும் நிறைய கொத்துன கோழிக்கும் பாதிப்பு ஒரே மாதிரி இருக்காது.

இப்ப ஜீனுக்கு வருவோம். கோழியோட எல்லா செல்லுலயும் இருக்கிறது ஒரே டிஎன்ஏ தான், ஆனா எந்த ஜீன் எப்ப எவ்வளவு வேலை செய்யுதுங்கிறது மாறிக்கிட்டே இருக்கும், அதைத்தான் ஜீன் எக்ஸ்பிரஷன்னு சொல்றாங்க. குடல்ல ஒரு துண்டு எடுத்து அதுல எந்த ஆர்என்ஏ (வேலை செய்ற ஜீன்ல இருந்து எடுத்த நகல்) எவ்வளவு இருக்குன்னு அளந்தா தெரிஞ்சுடும். அந்த அளவு கூடினா ஜீன் ஏறுதுன்னும், குறைஞ்சா இறங்குதுன்னும் சொல்றேன். ஐமீரியாவுல ஒரு இனமான ஐமீரியா டெனெல்லா குருட்டுக்குடல் செல்லுக்குள்ள பூந்து பெருகி, நாலாவது அஞ்சாவது நாள் வாக்குல செல்லை கிழிச்சுட்டு வெளிய வரும்போதுதான் ரத்தம் வருது. அந்த சமயத்துல குடல்ல இன்டர்ஃபெரான் காமாங்கிற எதிர்ப்பு சிக்னல் புரதத்தோட ஜீன் நல்லா ஏறும். நோய் எதிர்ப்பு வேலை பார்க்கிற டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணு) வந்து குவியும். பாதிக்கப்பட்ட செல்லுக்குள்ள ஒட்டுண்ணி வளரவிடாம பண்றதுல இன்டர்ஃபெரான் காமாவுக்கு பெரிய பங்கு உண்டு.

கூடவே ஐஎல்-10 (இன்டர்லூகின்-10)னு இன்னொரு சிக்னல் புரதம், அதாவது ஒரு பிரேக்கும் இருக்கு. எதிர்ப்பு ஓவரா போனா குடலே புண்ணாகிடும்ல, அதுக்காக வச்சது. ஆனா பிரேக்கை சீக்கிரமா அழுத்திட்டா ஒட்டுண்ணிக்கு கொண்டாட்டம். 2004ல கோழியோட ஐஎல்-10 ஜீனை பிரிச்சு எடுத்து பார்த்தவங்க, ஐமீரியா மாக்ஸிமாங்கிற இன்னொரு இனத்துக்கு ஈஸியா விழுற கோழி வம்சத்துல இந்த ஜீன் ஏறுறதையும், தாக்குப்பிடிக்கிற வம்சத்துல அப்படி ஏறாததையும் பார்த்தாங்க. உங்க கேள்விக்கு எனக்கு தெரிஞ்ச நல்ல பதில் இதுதான். அப்புறம் ஐஎல்-10க்கு எதிரான ஆன்டிபாடியை (குறிப்பிட்ட பொருளை பிடிச்சு முடக்குற எதிர்ப்பு புரதம்) முட்டை மஞ்சள்கரு வழியா தயார் பண்ணி தீவனத்துல கலந்தும் கொடுத்துப் பார்த்திருக்காங்க, எடை இழப்பு குறைஞ்சுது.

கேள்வி: தேறின கோழி அப்புறமும் எடை போடவே மாட்டேங்குதே?

பதில்: புண்ணு மட்டும் காரணம் இல்ல. சர்க்கரை, அமினோ அமிலம் இதையெல்லாம் குடல்ல இருந்து உள்ள இழுக்கிற டிரான்ஸ்போர்ட்டர் ஜீன்கள் பலதும் இந்த நோயில இறங்கிடும். தின்னாலும் ஒட்டாது. புண்ணான குடல்ல கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வேற சேர்ந்துக்கும், அது தனி தலைவலி.

கேள்வி: ஒரு தடவை வந்தா திரும்ப வராதுன்னு சொல்றாங்களே?

பதில்: அதே ஐமீரியா இனம்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல, வேற இனம்னா வரும். கோழிக்கு வர்ற ஐமீரியான்னு வழக்கமா ஏழு இனம் சொல்வாங்க, ஒண்ணுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்னுக்கு உதவாது. உயிருள்ள தடுப்பூசியில பல இனத்தை கலந்து கொடுக்கிறது அதனாலதான். இன்னொரு விஷயம், இங்க ஆன்டிபாடி பெரிய ஹீரோ இல்ல, ஆன்டிபாடி செல்கள் உருவாகிற பர்சாவையே எடுத்துட்ட கோழியும் ரெண்டாவது தடவை தாங்குது. வேலை செய்றது டி செல்தான்.

கேள்வி: உருண்டைப்புழுவுக்கும் இதே கதையா?

பதில்: இல்ல. அந்த உருண்டைப்புழு, அதாவது அஸ்காரிடியா, செல்லுக்குள்ள இல்ல, குடல் குழாய்ல கிடக்கும், இன்டர்ஃபெரான் காமாவால அங்க பெருசா பிரயோஜனம் இல்ல. அதுக்கு ஐஎல்-4, ஐஎல்-13ங்கிற வேற சிக்னல் புரதங்களோட ஜீன்கள் ஏறும், வேற ரூட்டு.

கேள்வி: என் கோழிக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: எதுக்குங்க? அது ஆராய்ச்சிக்கு, அதுவும் பெரும்பாலும் கோழியை அறுத்துதான் குடலை எடுப்பாங்க. நீங்க எச்சத்தை மைக்ராஸ்கோப்புல பார்க்க கொடுங்க, கூளத்தை ஈரம் இல்லாம வைங்க, ஏன்னா ஈரமும் கதகதப்பும் இருந்தா ஊசிஸ்ட் ஒண்ணு ரெண்டு நாள்லயே தொத்துற பக்குவத்துக்கு வந்துடும்.